சுரங்க ஊரின் கிட்டார்கள்

தாமிர விலை ஏறியிருந்த நாளில் ஜாம்பியாவின் கிட்வே நகரில் பிறந்தது ஒரு ராக் குழு. விலை விழுந்தது; குழுவும் விழுந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து உலகம் தேடி வந்தபோது பழைய ஐவரில் எஞ்சியிருந்தவர் ஒருவர்தான்.

என்டோலாவிலிருந்து கிட்வேக்குச் சாலை வழியே சுமார் 60 கிலோமீட்டர். அதிகம் வளைவு நெளிவு இல்லாத அகலச் சாலை. மரத்தடியில் கரி மூட்டைகளை வரிசையாக நிறுத்தி வைத்து விற்கிறார்கள். மழைக்காலம் என்றால் மூட்டைகளுக்குப் பக்கத்தில் முறம் அகலத்துக்கு விரிந்த காளான்களும் விற்பனைக்கு வரும். 1961 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷெல்டின் விமானம் விழுந்து நொறுங்கியது இந்தப் பக்கத்துக் காட்டில்தான். நினைவிடம் இருக்கிறது. ஆனால் இந்தச் சாலையில் ஓடுபவற்றில் கணிசமானவை லாரிகள். அவை நினைவிடங்களுக்காக நிற்பதில்லை. அவற்றின் கவலையெல்லாம் தாமிரம்.

கிட்வேயில் ஒரு கறுப்பு மேடு கண்ணில் படாமல் போகாது. ஊர்க்காரர்களுக்கு அது 'கறுப்பு மலை'. இயற்கைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. என்கானா சுரங்கத்தின் உருக்காலை பல பத்தாண்டுகளாகக் கொட்டிக் குவித்த கசடு அது. கசடுக்குள் இன்னும் கொஞ்சம் தாமிரமும் கொஞ்சம் கோபால்ட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் மலையைக் கிண்டிப் பிழைப்பவர்கள் ஏராளம். 'ஜெராபோ' என்று அவர்களுக்குப் பெயர். 2018 ஜூனில் மலையின் ஒரு பகுதி சரிந்து 10 பேர் மாண்டனர். அதற்குப் பிறகும் கிண்டுவது நிற்கவில்லை.

இந்த ஊரில்தான் 1970களின் தொடக்கத்தில் ஐந்து இளைஞர்கள் சேர்ந்து ஒரு ராக் குழுவுக்குப் பெயர் தேடினார்கள். கிடைத்த பெயர் 'விட்ச்'. சூனியக்காரி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். சூனியத்துக்கு உண்மையிலேயே பயப்படுகிறவர்கள் நிறைந்த ஊரில் இது துணிச்சலான தேர்வு. ஆனால் அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்கள். ஐந்து எழுத்துகளும் ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளாம். சேர்த்துப் படித்தால் 'களேபரம் செய்வதே எங்கள் நோக்கம்' என்று வரும்.

அன்று ஜாம்பியாவையும் ஒன்றிரண்டு அண்டை நாடுகளையும் தாண்டி இந்தக் களேபரம் யார் காதிலும் விழவில்லை. இன்று அவர்களுடைய அசல் இசைத்தட்டு ஒன்றுக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கத் தயார். லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் அந்தப் பாடல்களுக்கு ஆடுபவர்களில் பலர் அவை பதிவானபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். இடையில் நடந்ததைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கிட்டாரிலிருந்து தொடங்கிப் பயனில்லை. கிட்வேயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தலைநகர் லுசாகாவிலிருந்து வடக்கே சுமார் 350 கி.மீ. தொலைவில், காங்கோ எல்லையை ஒட்டி, ஒரு நீண்ட பட்டையாகப் பூமிக்குள் தாமிரம் கிடக்கிறது. அதனால் அந்தப் பிரதேசத்துக்கே காப்பர்பெல்ட் என்று பெயர். லுவான்ஷியா, முஃபுலிரா, சிங்கோலா, சிலிலபோம்ப்வே (தவளை கத்தும் இடம் என்று அர்த்தமாம்) எல்லாமே சுரங்கத்தைச் சுற்றி முளைத்த ஊர்கள். கிட்வேயும் அப்படித்தான். பிரிட்டிஷ் ஆட்சியில், வடக்கு ரொடீஷியா என்று நாடு அழைக்கப்பட்ட நாளில், என்கானா சுரங்கத்துக்குத் துணையாக 1936இல் உருவான நகரம். இப்போது மக்கள்தொகை ஆறு லட்சத்துக்கும் மேல். காஃபுவே நதி பக்கத்தில் ஓடுகிறது.

தொடக்கத்தில் இது ஒரே ஊருக்குள் பல ஊர். மரங்கள் அடர்ந்த தெருக்களில் வெள்ளையர்கள். கடைத்தெருவில் குஜராத்தி வியாபாரிகள். சுரங்கத்தில் இறங்குகிற ஆப்பிரிக்கர்களுக்கு வுசாகிலே மாதிரியான குடியிருப்புகளில் வரிசை வீடுகள். நல்ல சம்பளம் உள்ள வேலைகள் வெள்ளையருக்கு மட்டுமே என்று எழுதப்படாத சட்டம் இருந்தது. அதை எதிர்த்தவர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. 1935இல் லுவான்ஷியாவில் 6 பேர். 1940 ஏப்ரலில் இதே என்கானாவில் 17 பேர்.

அந்தக் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை பாட்டும் கூத்தும் எப்போதும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் லுவான்ஷியாவில் இருந்த மானிடவியலாளர் கிளைட் மிட்செல் 'கலேலா' என்ற நடனத்தைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். ஆடுபவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். ஆனால் இலை தழையோ சிறகோ கிடையாது. மடிப்புக் கலையாத கால்சட்டை, பளபளக்கும் ஷூ. கூட்டத்தில் ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்ட 'டாக்டர்'. ஒரு பெண் 'நர்ஸ்'. பாட்டுகளோ மற்ற இனக்குழுக்களைக் கிண்டல் செய்பவை. கிராமத்துத் தாளமும் நகரத்து உடையும் ஒட்டிக்கொண்டு நின்ற அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, இருபது வருடம் கழித்து அதே குடியிருப்புகளின் பிள்ளைகள் அகலக் கால்சட்டையோடு மின்சார கிட்டாரைத் தூக்கியதில் பெரிய ஆச்சரியம் இருந்திருக்காது. 'மேல்நாட்டைக் காப்பியடிக்கிறார்கள்' என்று பெரியவர்கள் அப்போதும் சொல்லியிருப்பார்கள், இப்போதும் சொன்னார்கள்.

வீட்டுக்குள் வேறொரு சாமானும் வந்து சேர்ந்திருந்தது. 1949இல் லுசாகா வானொலி நிலையத்தின் முயற்சியால் ஐந்து பவுன் விலையில் ஒரு பேட்டரி ரேடியோ விற்பனைக்கு வந்தது. வட்டமான அலுமினிய உடம்பு, நீலப் பெயின்ட். பார்த்தால் கைப்பிடி கழன்ற வாணலி மாதிரி இருந்ததால் 'சாஸ்பான் ஸ்பெஷல்' என்றே பெயர். ஆப்பிரிக்கக் கேட்பவர்களுக்கென்றே, அவர்கள் வாங்கக்கூடிய விலையில் செய்யப்பட்ட ரேடியோ. மேல்நாட்டுப் பாட்டு சுரங்கக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்த வழிகளில் ரேடியோதான் பெரிய வழி.

1964 அக்டோபர் 24 அன்று ஜாம்பியா சுதந்திரம் பெற்றது. குடியரசுத் தலைவரான கென்னத் கவுண்டா, காந்தியின் மீது பெரும் பற்று வைத்திருந்தவர். விடுதலை இயக்க நாட்களில் சைக்கிளில் கிட்டாரோடு ஊர் ஊராகப் போனவர். மேடையிலேயே பாட ஆரம்பித்துவிடும் பழக்கம் கடைசி வரை போகவில்லை. கிட்டார் வாசிக்கிற ஒருவர் ஆளும் நாட்டில் கிட்டார் வாசிப்பது தவறில்லை என்று பிள்ளைகளுக்குத் தோன்றியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

காசும் இருந்தது. 1960களின் கடைசியில் ஆண்டுக்கு ஏழு லட்சம் டன்னை ஒட்டித் தாமிரம் வெட்டியெடுத்த நாடு, உலகின் முன்னணி உற்பத்தியாளர்களில் ஒன்று. ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தாமிரம். 1970 தொடக்கத்தில் சுரங்கங்களில் 51 சதவீதப் பங்கு அரசுக்கு வந்தது. சுரங்கம் என்றால் சம்பளம் மட்டுமல்ல. வீடு, ஆஸ்பத்திரி, கால்பந்து மைதானம், பெண்களுக்குத் தையல் வகுப்பு, சமூகக் கூடம் எல்லாமே அது கொடுத்ததுதான். தொட்டிலிலிருந்து சவப்பெட்டி வரை சுரங்கமே பார்த்துக்கொள்ளும் என்று காப்பர்பெல்ட்டில் சொல்வார்கள். அதற்கு விலையும் உண்டு. 1970 செப்டம்பரில் முஃபுலிரா சுரங்கத்துக்குள் சேறு புகுந்து 89 பேர் இறந்தார்கள்.

சமூகக் கூடம், மின்சாரம், மாதச் சம்பளம் வாங்குகிற ஆயிரக்கணக்கான இளைஞர்கள். ஒரு ராக் குழு பிழைக்க இவ்வளவு போதும். 'விட்ச்' உருவானது இந்தச் சூழ்நிலையில்தான். பாடகர் இம்மானுவேல் சந்தா. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரைப் போல மேடையில் துள்ளியதால் ரசிகர்கள் அவரை ஜாகர் என்றார்கள். ஆப்பிரிக்கத்தன்மை வேண்டும் என்று வற்புறுத்தப்பட்ட காலம் அது. ஜாகர் 'ஜகாரி' ஆனார். கிட்டாரில் ஜான் மூமாவும் கிறிஸ் எம்பேவேயும், பேஸ் கிட்டாரில் கெடியன் முலெங்கா, டிரம்ஸில் பாய்டி சிங்கலா. முறையான இசைப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். கேட்டுக் கேட்டுக் கற்றவர்கள்.

முதல் ஆல்பத்தின் பெயர் 'இன்ட்ரொடக்ஷன்', அதாவது அறிமுகம். பதிவு சிங்கோலாவில், மாலக்கைட் என்ற ஸ்டுடியோவில். மாலக்கைட் என்பது தாமிரம் தரும் பச்சை நிறக் கனிமம். அந்த ஊரில் ஸ்டுடியோவுக்கும் அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. சொந்தக் காசில் சில நூறு பிரதிகள் மட்டும் அடித்து, கச்சேரி நடக்கும் இடத்திலேயே கையோடு விற்றார்கள். ஜாம்பியாவில் விற்பனைக்கு வந்த முதல் நெடுந்தட்டு அதுதான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1974இல் 'இன் த பாஸ்ட்'. 1975இல் 'லேசி போன்ஸ்'.

இசை எப்படி? முதல் தட்டு கரடுமுரடானது; ஆர்வம் தெரிகிற அளவுக்குத் தேர்ச்சி தெரியாது. 'லேசி போன்ஸ்' வேறு ரகம். கிட்டார் ஒலியை வேண்டுமென்றே உடைத்துக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலும், ஒலியை அழுகிற குழந்தை மாதிரி இழுக்கும் வா-வா பெடலும் தாராளமாகப் புழங்குகின்றன. அந்த ஆண்டுகளின் ஹார்டு ராக்கில் இது சாதாரணம். வித்தியாசம் அடியில் இருக்கிறது. டிரம்ஸ் இங்கிலாந்துக் குழுக்களைப் போல அடித்து நொறுக்குவதில்லை. சற்று உருண்டு, சற்றுத் தாமதித்து, ஆட்டத்துக்கு இடம் விட்டு நகர்கிறது. ஜகாரியின் ஆங்கிலத்தில் பெம்பா மொழியின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கிறது. மறைக்க முயன்றதாகவும் தெரியவில்லை. பாடல்களின் பொருள் காதல், தனிமை, சோம்பல். அரசியல் மிகக் குறைவு. 1972 முடிவில் நாடு ஒரே கட்சி ஆட்சிக்குப் போய்விட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கச்சேரி என்றால் ஒரு மணி நேரத்தில் மூட்டை கட்டுகிற சமாசாரம் அல்ல. இரவு ஏழு மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவு தாண்டியும் ஓடும். சொந்தப் பாட்டும் உண்டு, அப்போது ரேடியோவில் பிரபலமான மேல்நாட்டுப் பாட்டும் உண்டு. 1970களில் கவுண்டா ஒரு உத்தரவு போட்டார்: வானொலியில் ஒலிபரப்பாகும் இசையில் 95 சதவீதம் ஜாம்பிய இசையாக இருக்க வேண்டும். நாட்டுப்புறப் பாட்டை வளர்க்க நினைத்திருப்பார். ஆனால் ஜாம்பியர்கள் வாசிக்கிற ராக்கும் ஜாம்பிய இசைதானே? அந்தக் கதவு வழியாக ஃபஸ் கிட்டாரும் உள்ளே நுழைந்துவிட்டது. உத்தரவுகள் எங்கே போய் முடியும் என்று உத்தரவு போடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை. இந்திய வானொலியின் சரித்திரம் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1952இல் ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டை ஒதுக்கப் போய், நேயர்கள் ரேடியோ சிலோனுக்குத் திருகிய கதையை நினைத்துக்கொள்ளலாம்.

'விட்ச்' தனியாக இல்லை. கிட்வேயிலேயே 'அமானாஸ்' இருந்தது. 1975இல் வெளியான அதன் ஒரே ஆல்பம் 'ஆப்பிரிக்கா', இந்த வகையிலேயே ஆகச் சிறந்தது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. விட்ச்சின் ஆர்ப்பாட்டத்துக்குப் பக்கத்தில் அமானாஸின் அடங்கிய சோகத்தைக் கேட்டால் அந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ள முடியாது. ரிக்கி இலிலோங்காவின் 'மூசி-ஓ-துன்யா' குழு உள்ளூர்த் தாளங்களுக்கு இன்னும் நெருக்கமாகப் போனது. லுசாகாவின் ஏழைப் பகுதியிலிருந்து வந்த பால் என்கோசி, ஆங்கிலத்தைவிட நியாஞ்சா மொழியில் பாடி அக்கம்பக்கத்துச் சண்டை சச்சரவையெல்லாம் பாட்டாக்கினார். என்கோசி என்றால் ஆபத்து. இந்த மொத்தக் கூட்டத்துக்கும் 'ஜாம்ராக்' என்று பெயர் சூட்டியவர் வானொலி அறிவிப்பாளர் மனாசே ஃபிரி என்பார்கள்.

இவ்வளவும் எத்தனை நாள்? கணக்குப் பார்த்தால் ஐந்தாறு ஆண்டுகள்.

1974 ஏப்ரலில் லண்டன் உலோகச் சந்தையில் தாமிர விலை உச்சத்தைத் தொட்டது. ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே போய்விட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் எண்ணெய் விலை ஏறியிருந்தது. விற்கிற பொருள் மலிவு, வாங்குகிற பொருள் கிராக்கி. நிலத்தால் சூழப்பட்ட நாட்டுக்குத் தாமிரத்தைத் துறைமுகம் கொண்டுபோவதே போராட்டம். வெள்ளையர் ஆட்சியிலிருந்த ரொடீஷியாவுடனான எல்லை 1973 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கோலா வழியாகப் போன ரயில் 1975இல் உள்நாட்டுப் போரால் நின்றது. சீனா கட்டிக்கொடுத்த 1,860 கி.மீ. டான்சானியா ரயில் பாதை 1976இல் கைக்கு வந்தபோது, ஏற்றுவதற்குச் சரக்கு இருந்தது, நல்ல விலைதான் இல்லை.

இசைக்குழுவுக்கு இது எப்படி வந்து சேரும் என்றால், சம்பள நாள் வழியாக வந்து சேரும். டிக்கெட் வாங்கக் கையில் மிச்சமில்லாத தொழிலாளி வீட்டில் இருந்துகொள்கிறான். கிட்டார் தந்தியும் ஆம்ப்ளிஃபயர் வால்வும் இறக்குமதிப் பொருள்கள். அந்நியச் செலாவணி இல்லை. ரொடீஷிய விடுதலைப் போராளிகளுக்கு ஜாம்பியா இடம் கொடுத்ததால் குண்டு வீச்சும் வந்தது. 1978 அக்டோபரில் லுசாகாவுக்கு வெளியே இருந்த போராளி முகாமை ரொடீஷிய விமானங்கள் தாக்கின. இரவில் விளக்கணைப்பு, ஊரடங்கு. விடிய விடிய நடந்த கச்சேரிகள் பகலுக்குத் தள்ளப்பட்டன. பகல் இரண்டு மணிக்கு ராக் கச்சேரி என்பது மதிய வெயிலில் தெருக்கூத்து மாதிரி. நடக்கும், ஆனால் எடுபடாது.

1977வாக்கில் ஜகாரி குழுவை விட்டு விலகினார். படித்து இசை ஆசிரியர் ஆனார். மற்றவர்கள் டிஸ்கோவுக்கு மாறிப் பார்த்தார்கள். விட்ச் என்ற பெயரில் 1984 வரை தட்டுகள் வந்தன. அவற்றைக் கேட்டால் அந்தக் காலத்து எந்த நாட்டு ஹோட்டல் குழுவாகவும் இருக்கலாம் என்று தோன்றும். நேர்த்தி கூடியிருக்கிறது, கரகரப்பு போய்விட்டது. இன்னொரு பக்கம் கேசட் வந்தது. கூடவே திருட்டுக் கேசட்டும். கிராமத்து வேர்களிலிருந்து வந்த கலிந்துலா இசை வானொலியைப் பிடித்துக்கொண்டது.

1980கள் காப்பர்பெல்ட்டுக்கு இன்னும் மோசம். சர்வதேச நிதி நிறுவனங்களின் நிபந்தனைப்படி மக்காச்சோள மாவுக்கான மானியம் குறைக்கப்பட்டதும், 1986 டிசம்பரில் கிட்வேயும் என்டோலாவும் கொந்தளித்தன. குறைந்தது 15 பேர் உயிரிழந்தனர். அரசு விலை உயர்வைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் கவுண்டாவின் மகன் ஒருவர் எய்ட்ஸால் இறந்தார். ஆப்பிரிக்கத் தலைவர்கள் அந்தப் பெயரையே உச்சரிக்கத் தயங்கிய நாளில், அடுத்த ஆண்டு கவுண்டா அதை வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதற்குப் பாராட்டுக் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. ஒரு கட்டத்தில் நாட்டின் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் உடலில் அந்தக் கிருமி இருந்தது.

ஜாம்ராக்கின் சரித்திரத்தில் மனத்தை உறுத்தும் இடம் இதுதான். மேலை நாட்டில் ஒரு பழைய ராக் குழு மறக்கப்பட்டால், அதன் ஆட்கள் எங்கோ கார் பட்டறையிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ இருப்பார்கள். முப்பது வருடம் கழித்துத் தேடினால் தொப்பையோடு வந்து மேடை ஏறுவார்கள். இங்கே தேடியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இரங்கல் செய்தி. அந்தத் தலைமுறை இசைக்கலைஞர்கள் பலரை எய்ட்ஸ் கொண்டுபோனது. வறுமையும் வைத்தியமின்மையும் சிலரை. பால் என்கோசி 1989இல் இறந்தார். விட்ச்சின் பழைய ஐவரில் மிஞ்சியவர் ஜகாரி ஒருவர்தான். ஆசிரியர் வேலையும் நிலைக்காமல், அவர் ரத்தினக் கல் தோண்டும் தொழிலில் இறங்கியிருந்தார். காப்பர்பெல்ட்டில் வளர்ந்தவருக்கு மண்ணைத் தோண்டுவது விநோதமான தொழில் அல்ல என்றாலும், ஒரு காலத்தில் நாடே கூப்பிட்ட பெயர் அது.

தேடி வந்தவர்கள் யார்? முதலில் சேகரிப்பாளர்கள். பழைய இசைத்தட்டில் யாரும் கேட்காத ஒலியைத் தேடி அலைகிற ஒரு வகை மனிதர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பழைய ஓலைச்சுவடிக்காகக் கிராமம் கிராமமாகப் போனவர்களுக்குத் தூரத்து உறவினர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சில தட்டுகள் முதலில் ஜெர்மனியில் மறுபதிப்பாயின. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸின் 'நவ் எகெய்ன்' நிறுவனம் ஜகாரியோடு தொடர்புகொண்டு, 2011, 2012 ஆண்டுகளில் விட்ச்சின் மொத்தப் பதிவுகளையும் பெட்டித் தொகுப்பாக வெளியிட்டது. அமானாஸ், என்கோசி, இலிலோங்கா எல்லோரும் அடுத்தடுத்து வந்தார்கள். இத்தாலிய இளைஞர் ஜியோ ஆர்லோட்டா, ஜகாரியைத் தேடிப் போய் எடுத்த ஆவணப்படம் 2019இல் வெளியானது. அதற்கு முன்பே, 2017இல், ஜகாரி ஐரோப்பாவில் மேடை ஏறிவிட்டார்.

இதில் மகிழ்வதற்கும் கணக்குக் கேட்பதற்கும் இடம் இருக்கிறது. சில நூறு பிரதிகள் அடித்துக் கச்சேரி வாசலில் விற்ற தட்டு, கடல் கடந்து கை மாறும்போது ஆயிரக்கணக்கான டாலர் பெறுகிறது. அந்தக் கைமாற்றில் பாடியவனுக்கோ அவன் பிள்ளைகளுக்கோ ஒரு குவாச்சாவும் இல்லை. உரிமையாளரைத் தேடிப் பிடித்து ஒப்பந்தம் போட்ட மறுபதிப்பால் கொஞ்சமாவது பயன் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தாமிரத்தின் கதையை அறிந்தவர்களுக்கு வழித்தடம் பழக்கமானது. மண்ணில் எடுத்தது இங்கே. விலை தீர்மானிப்பது வேறெங்கோ.

தாமிரத்துக்கு இப்போது மறுபடியும் நல்ல காலம். மின்சாரக் கார்களும் காற்றாலைகளும் அதை விழுங்குகின்றன. ஆண்டு உற்பத்தியை ஒரு பத்தாண்டுக்குள் 30 லட்சம் டன்னாக உயர்த்தப்போவதாக 2022இல் ஜாம்பிய அரசு அறிவித்தது. கிட்வேயின் என்கானா சுரங்கத்தை நடத்தும் மொபானி நிறுவனத்தில் 51 சதவீதம் 2024இல் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. விட்ச் முதல் தட்டைப் பதிவு செய்த சிங்கோலாவிலோ, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒன்றான என்சாங்கா, தமிழர்களுக்குத் தெரிந்த ஒரு பெயரின் வசம் இருக்கிறது: வேதாந்தா. 2018 மே மாதப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு 13 பேர் பலியான பிறகு மூடப்பட்ட தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் உரிமையாளர்தான் 2004இல் கொங்கோலா தாமிரச் சுரங்க நிறுவனத்தையும் வாங்கியது. தண்ணீர் மாசுபட்டதாகச் சிங்கோலா பகுதிக் கிராமத்தினர் போட்ட வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே ஜாம்பிய அரசு நிறுவனத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. 2024இல் திருப்பிக் கொடுத்தது. கிராமத்தினரின் வழக்கு 2021இல் சமரசத்தில் முடிந்தது.

கிட்வேக்காரர்களுக்குத் தண்ணீர்க் கவலை இன்னும் பக்கத்தில். 2025 பிப்ரவரியில் சீன நிறுவனம் ஒன்றின் கழிவுத் தேக்கம் உடைந்து அமிலக் கழிவு காஃபுவே நதிக்கு வரும் ஓடையில் பாய்ந்தது. மீன்கள் செத்து மிதந்தன. நகரத்துக்குக் குடிநீர் வழங்குவதையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

பாட்டு மட்டும் எப்படியோ திரும்பியிருக்கிறது. ஜாம்பியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பெயர் வாங்கிய ராப் பாடகி சம்பா த கிரேட், 2022இல் தன் ஆல்பத்தில் விட்ச்சைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு விட்ச்சின் 'ஜாங்கோ' வந்தது. 39 ஆண்டுகளில் முதல் ஆல்பம். பதிவு செய்த இடம் லுசாகாவின் பழைய டி.பி. ஸ்டுடியோ. அதில் சம்பாவும் பாடியிருக்கிறார். 2024இல் அமெரிக்க ராப் பாடகர் டைலர் த கிரியேட்டரின் 'நாய்ட்' வெளியானபோது, உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் தெரிந்தோ தெரியாமலோ நியாஞ்சா மொழியில் சில அடிகள் கேட்டார்கள். அது பால் என்கோசியின் குழு 1970களில் பாடிய பாட்டின் ஒரு துண்டு. என்கோசி இறந்து அப்போது 35 வருடம்.

ஜகாரி எழுபதைத் தாண்டிவிட்டார். வெள்ளைத் தாடியோடு இன்னும் மேடையில் துள்ளுகிறார். மறுபிறவி எடுத்த விட்ச்சில் 1980களில் கீபோர்டு வாசித்த பாட்ரிக் எம்வாண்டெலாவும் சேர்ந்துகொண்டார். பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் எடுத்துக்கொண்டவர்கள் அந்தத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்த டச்சுக்கார இளைஞர்கள். ஒத்திகையில், பாய்டி சிங்கலா அன்று கிட்வேயில் எப்படித் தாமதித்து அடித்தார் என்று அவர்கள் தட்டைப் போட்டுக் கேட்டுத்தான் கற்க வேண்டும். வாயால் தாளம் சொல்லித் திருத்த ஜகாரி இருக்கிறார்.